அக்கரையின் இரண்டு நொடி

பந்தய மைதானத்தில் அந்த மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொடியார் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் குளிர்ந்துபோவார். முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது கூடவே வேறு ஒன்றிரண்டு சொற்கள் சேரும், அவற்றை இங்கே எழுத முடியாது. தலைமை நேரக் கணிப்பாளர் என்பது அவர் உத்தியோகம். குதிரைகள் கிளம்பும்போது கடிகாரத்தின் தலையில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, முதல் குதிரையின் மூக்கு முடிவுக் கம்பத்தைத் தாண்டும்போது இன்னோர் அமுக்கு. இந்த இரண்டு அமுக்குக்குத்தான் சம்பளம், மைதானத்துக் குடியிருப்பில் வீடு, போகிற வருகிறவர்கள் வைக்கும் வணக்கம் எல்லாம். இதில் என்ன அப்படி ஒரு பெருமை என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலும் அந்தக் கடிகாரம் கழுத்தில் தொங்கும். மனைவி டீ கொண்டுவந்தால், கோப்பையை வாங்குவதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பார். "நேத்தைவிட லேட்டு" என்பார். அந்த அம்மாள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணிய ஊத்துறியா, எண்ணுறியா?" என்பார். கல்யாணம் ஆன புதிதில் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, வேகமாக நடக்கப் பழகிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அதற்கும் அவளுடைய தாமதத்தையே காரணமாகச் சொல்லிவிடுகிற ஆள்தான் அவர்.

மனைவியின் தங்கை அடுத்த வீட்டில் இருந்தாள். தங்கையின் புருஷன், நொடியாருக்குச் சகலை, அதே மைதானத்தில் இரண்டாவது கணிப்பாளர். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நொடியார்தான். வாங்கிக் கொடுத்ததை ஒரு நாள்கூட மறக்கவிடவில்லை. "இவன் சாப்பிடுற சாப்பாடு என் கட்டைவிரல் போட்டது" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லுவார். சகலை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சிலருக்குக் கோபம் வராது. வந்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரியாது. சகலை அந்த ரகம்.

இருவரும் உட்காரும் இடத்துக்குக் கூண்டு என்று பெயர். பார்வையாளர் மாடிக்கும் மேலே, முடிவுக் கம்பத்துக்கு நேராக, முன்பக்கம் திறந்த ஒரு சின்ன அறை. அங்கிருந்து பார்த்தால் புல்தடம் முழுவதும் தெரியும். மைதானத்தின் எதிர்ப்பக்கத்தை எல்லாரும் அக்கரை என்பார்கள். நடுவில் ஆறு ஒன்றும் கிடையாது, வெறும் புல்வெளிதான். இருந்தாலும் அவ்வளவு தூரம். மைல் பந்தயம் அக்கரையில்தான் தொடங்கும். சங்கிலிக்காரர்கள் வாராவாரம் உள்வேலியை ஒட்டித் தூரத்தை இழுத்து அளந்து முளை அடிப்பார்கள். அந்த முளைக்கு நேராகக் குதிரைகள் நிற்கும் இரும்புக் கூடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கதவுகள் ஒன்றாகத் திறக்கும் அதே கணத்தில், முன்னால் நிற்கும் ஆள் வெள்ளைக் கொடியைக் கீழே இறக்குவான். அந்தக் கொடியைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும்.

வேலைக்கு வந்த முதல் நாளே சகலையின் பிடரியில் தட்டிச் சொன்னார் நொடியார்: "கண்ணால அமுக்கு, காதால அமுக்காதே. கதவு திறக்கிற சத்தம் அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள குதிரை எவ்வளவோ தூரம் போயிருக்கும். சத்தத்தைக் கேட்டு அமுக்குறவன் கணிப்பாளன் இல்ல, காவக்காரன்."

சொன்னது சரிதான். கொடியைப் பார்த்து அமுக்கினால் ஒரு நேரம் வரும். சத்தம் கேட்டு அமுக்கினால், கடிகாரம் தாமதமாகக் கிளம்புவதால், நேரம் குறைவாக வரும். குதிரை ஓடிய வேகத்தைவிட வேகமாக ஓடியதுபோல் ஆகிவிடும். அக்கரையிலிருந்து சத்தம் வந்து சேர இரண்டு நொடி ஆகும். இரண்டு நொடி உங்களுக்கும் எனக்கும் கொட்டாவிக்குக் காணாது. பந்தயத்தில் அது பன்னிரண்டு குதிரை நீளம்.

நொடியாரின் கண்ணில் முதலில் வந்தது ஒரு சின்ன அழுக்கு. கண்ணாடியைத் துடைத்தார், போகவில்லை. கண்ணைக் கசக்கினார், போகவில்லை. எதை நேராகப் பார்த்தாரோ அந்த இடத்தில் மட்டும் அழுக்கு. சுற்றிலும் எல்லாம் பளிச்சென்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் வெளியூரில் ஒரு கண் டாக்டரிடம் போனார்.

"நடுப்பார்வை போயிட்டிருக்கு. ஓரப்பார்வை இருக்கும். போனது திரும்பாது" என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்குறீங்க? வண்டி ஓட்டுற வேலையா?"

"இல்ல. உக்காந்து பாக்குற வேலை."

"அப்ப பரவாயில்ல" என்று டாக்டர் சீட்டு எழுதினார்.

நொடியார் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். கணிப்பாளருக்குக் கண் போனால் அந்த மாதமே வேலை போகும், வேலை போனால் வீடு போகும் என்பது மைதானத்துச் சட்டம். அதைவிடப் பெரிய பயம் வேறு. நொடியார் இல்லாவிட்டால் அவர் யார்? ஊருக்குள் ஒரு கிழவர், அவ்வளவுதான். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஒரு முறை திருப்பிக் கொடுத்தால்கூடப் போதும், ஆள் தாங்கமாட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வாயைத் திறக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டார். மைதானத்தில் எல்லாரும், "பாத்தியா, இப்பல்லாம் மனுஷன் யாரையும் நேரா பாக்குறதுகூட இல்ல, அவ்வளவு திமிரு" என்று பேசிக்கொண்டார்கள்.

சகலைக்கு ஒரே மகன். ஆள் ஒல்லி, எடையே இல்லை, அதனால் குருவி என்று பெயர் விழுந்துவிட்டது. பந்தயக் குதிரை ஓட்டுகிறவன். சின்ன வயதில் பாதி நாள் பெரியம்மா வீட்டில்தான் தூங்குவான். முதன்முதலில் குதிரை ஏறப் போனபோது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது நொடியார். அதை இல்லையென்று சொல்லக்கூடாது. அவருக்குப் பாசம் இருந்தது. தன் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குப் பாசம்.

குருவி கறுப்பி என்ற பெண்குதிரையின் மேல் ஏறி மைல் பந்தயத்துக்கு நின்ற நாளில்தான் வினை வந்தது. நொடியார் கூண்டிலிருந்து அக்கரையைப் பார்த்தார். கொடி இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஓட்டுகிறவர்களின் சட்டை நிறங்கள் ஓரத்தில் மினுங்கின, கொடியை மட்டும் காணோம். கீழே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று காதில் இரும்புக் கதவுகள் படாரென்று திறக்கும் சத்தம். கட்டைவிரல் தானாக அமுக்கியது.

அமுக்கிய கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? குதிரைகள் வளைவில் வந்துவிட்டன. கறுப்பி முன்னால் வந்து கம்பத்தைத் தாண்டியது. அருகில் நடப்பது அவருக்கு ஓரக்கண்ணிலேயே நன்றாகத் தெரியும், இரண்டாவது அமுக்கில் பிசகு இல்லை. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முப்பத்தைந்து நொடி. அந்த மைதானத்தில் அதுவரை எந்தக் குதிரையும் அந்த நேரத்தை நெருங்கியதில்லை.

பக்கத்தில் சகலையின் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முப்பத்தேழு.

மகன் ஓட்டும் பந்தயத்தில் அப்பனின் கடிகாரம் உப்புக்குச் சப்பாணிதான், கணக்கில் சேராது. ஒலிபெருக்கியில் நொடியாரின் நேரம் போனது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பந்தய மன்றத்தின் செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்து நொடியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சகலையின் கையிலிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "இது என்ன, ரெண்டு நொடி கூட இருக்கு?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரல் பிசகிவிட்டது என்றால் முடிந்தது. நொடியார் சொன்னது வேறு. "பெத்த அப்பனுக்கே பிள்ளை ஜெயிச்சது பொறுக்கல சார். ரெண்டு நொடியைப் பிடுங்கி வச்சுக்கிட்டான். அவசரப்பட்டானோ என்னவோ, கொடி விழுறதுக்கு முன்னாடியே அமுக்கியிருக்கான்."

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கதை சாயங்காலத்துக்குள் லாயம் வரை போய்விட்டது. மறுநாளிலிருந்து சகலைக்குப் பெயர் 'ரெண்டு நொடி'. புல் வெட்டுகிறவன்கூட, "என்ன ரெண்டு நொடி, சாப்டாச்சா?" என்று கேட்டான். குருவியே ஒரு நாள் சிரித்துக்கொண்டு, "ஏம்பா, என் மேல அவ்வளவு கோபமா?" என்றான். சகலையும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

ஆனால் சகலை முட்டாள் இல்லை. அடுத்தடுத்த பந்தயங்களில் கவனித்தார். மாடிக்கு முன்னால் தொடங்கும் ஓட்டங்களில் இரண்டு கடிகாரமும் ஒன்றாக இருந்தன. அக்கரையில் தொடங்கினால் மட்டும் இரண்டு நொடி வித்தியாசம். பேச்சு வாங்கப் பயந்து, தன் நேரத்தில் இரண்டைக் கழித்துச் சொல்லிப் பார்த்தார், அப்படியே பொருந்தியது. ஒரு நாள் பந்தயம் முடிந்து கூண்டின் படிக்கட்டில் இறங்கும்போது, பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க காதால அமுக்குறீங்க."

நொடியார் படியிலேயே நின்றுவிட்டார். "யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. கண்ணு சரியில்லயாண்ணே?"

"யார்கிட்டயாவது சொன்ன, உன் குடும்பம் தெருவுல நிக்கும்."

"நான் எதுக்குண்ணே சொல்லப் போறேன்? நீங்க வாங்கிக் குடுத்த வேலை. ஒண்ணு பண்ணலாம். கொடி விழுறப்போ என் காலால உங்க காலை அமுக்குறேன். நீங்க கடிகாரத்தை அமுக்குங்க. யாருக்கும் தெரியாது."

இப்படி ஒரு மனிதன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நொடியார் நன்றி சொல்லவில்லை. அடுத்த பந்தயத்தன்று சகலையின் கால் பட்டதும் கடிகாரத்தை அமுக்கினார். முடிந்தபின், "செருப்பைக் கழுவிட்டு வா, பேண்ட்டெல்லாம் மண்ணு" என்றார்.

அன்றிலிருந்து நேரம் சரியானது. அந்தச் சரிதான் சகலையின் தலையில் கல்லைப் போட்டது. பழைய பொய் நேரம் மைதானத்துச் சாதனைப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கிறது, புது நேரம் மெய்யாக வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கூண்டிலிருந்த இருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் தன் வேலையை நினைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தன் காலை.

கறுப்பி மறுபடியும் மைல் பந்தயத்துக்கு வந்தது. குருவிதான் மேலே. ஊரே அதன் மேல் பணம் கட்டியிருந்தது. சகலையின் கால் அமுக்கியது, நொடியாரின் விரல் அமுக்கியது. கறுப்பி முன்பு ஜெயித்த அன்று ஓடிய அதே வேகத்தில்தான் ஓடியது. அதைவிட ஒரு பொட்டு வேகமாக ஓடிய இன்னொரு குதிரை கழுத்தளவில் முந்திவிட்டது. ஒலிபெருக்கியில் நேரம் வந்தது: ஒரு நிமிஷம் முப்பத்தேழு.

கூட்டத்தில் யாரோ ஒருவன் கணக்குப் போட்டுக் கத்தினான். "போன தடவை ஓடுன மாதிரி ஓடியிருந்தா பன்னெண்டு நீளத்துல ஜெயிச்சிருக்கும்டா! இழுத்துப் புடிச்சுட்டான்!" மழை பெய்திருந்தாலாவது தரையின் மேல் பழியைப் போடலாம். தரை காய்ந்து கிடந்தது. குருவி கறுப்பியை நடத்திக்கொண்டு வரும்போது ஒரு செருப்பு வந்து தோளில் விழுந்தது. அடுத்தது கறுப்பியின் முகத்தில். அவன் குதிரைக்கு முன்னால் போய் நின்று மீதியைத் தன் மேல் வாங்கிக்கொண்டான்.

ஓடக்கூடிய குதிரையைக் காசுக்காக இழுத்துப் பிடிப்பதற்கு மன்னிப்பு கிடையாது. ஆயுளுக்கும் எந்த மைதானத்திலும் குதிரை ஏற முடியாது. குருவிக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முன்பு ஓடிய நேரம் சரியா தப்பா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அப்பனின் சொல் செல்லாது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு மூன்று பேரும் நொடியார் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். குருவி நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"பெரியப்பா, ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் ஓட்டினேன். இன்னும் சொல்லப்போனா ரெண்டாவது தடவைதான் ஜாஸ்தி விரட்டினேன். எப்படி ரெண்டு நொடி போச்சுன்னு எனக்குப் புரியல."

"உனக்குப் புரியாதுடா" என்றார் நொடியார்.

சகலை அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். துணி காயும் கொடிக்குக் கீழே நின்று, கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கண்ணு விஷயம் வெளிய வர வேண்டாம். அன்னைக்கு விரல் பிசகிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு தடவை பிசகினா வேலையா போயிடும்? நாளைக்கும் மறுநாளும் என் கால் இருக்குண்ணே. நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் இருக்கும்."

"சரி, பாத்துக்கறேன். விடு."

அந்த ஒரு சொல் சகலையின் நெஞ்சில் பால் வார்த்தது. உள்ளே போய், "அண்ணன் பாத்துக்கறேன்னுட்டாரு" என்றார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்று முதன்முறையாகத் தண்ணீர் குடித்தாள். குருவி பெரியம்மாவிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தான். அடுத்த வாரம் கறுப்பிக்கு எந்தக் கடிவாளம் போடலாம் என்றுகூடப் பேசினான்.

மறுநாள் செயலாளர் அறையில் நீள மேஜை. செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு பக்கம். குருவி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றான். சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நொடியார் போனார் என்று நம்ப எனக்கும் ஆசைதான். அந்த மனிதரின் ஈவிரக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், நம்ப முடியவில்லை.

"உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை" என்று தொடங்கினார் செயலாளர். "இருந்தாலும் கேக்கணும். கறுப்பி ஜெயிச்ச அன்னைக்கு நீங்க சொன்ன நேரம் சரிதானா? கை பிசகியிருக்க வாய்ப்பு உண்டா?"

பிசகு என்ற சொல் காதில் விழுந்ததும் நொடியாரின் கை கழுத்திலிருந்த கடிகாரத்தைப் பற்றிக்கொண்டது. ஒரு தடவை பிசகியது என்றால் வேறு எத்தனை தடவை என்று கேட்பார்கள். அக்கரையில் தொடங்கிய மற்ற ஓட்டங்களைத் தோண்டுவார்கள். அதற்குமேல், அவருடைய நேரம் சாதனைப் பலகையிலிருந்து சுரண்டி எடுக்கப்படும். ஆள் ஏறிச் சுரண்டுவதை எல்லாரும் நின்று பார்ப்பார்கள்.

"என் கை இதுவரைக்கும் பிசகினதில்ல" என்றார். "அன்னைக்கு நேரம் ஒண்ணு முப்பத்தஞ்சு. அந்தக் குதிரைக்கு அந்த வேகம் உண்டு."

குருவி திரும்பிப் பார்த்தான். "பெரியப்பா?"

மூலையில் நின்ற சகலை அதுவரை ஆயுளில் யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அன்று அவர் குரல் கீச்சென்று உடைந்து வந்தது. "அவருக்குக் கண்ணு தெரியாது சார்! காதால அமுக்குறாரு! போன தடவை நான் காலால சைகை குடுத்தேன், அதனாலதான் சரியான நேரம் வந்துச்சு!"

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் உறுப்பினருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு நொடி, உம்ம பிள்ளைக்காக எது வேணா சொல்லுவீர்போல."

"சோதிச்சுப் பாருங்க" என்றார் நொடியார், தாமே முந்திக்கொண்டு.

மன்றத்து டாக்டர் எழுத்துப் பலகையோடு வந்தார். ஆண்டுதோறும் கண் சோதனைக்கு மாட்டும் அதே பலகை. கண் மங்கத் தொடங்கியபோதே நொடியார் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருப்பதுபோல் உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அதை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கடைசி வரியில் ஓர் எழுத்தில் வேண்டுமென்றே தயங்கி, கண்ணைச் சுருக்கி, பிறகு சரியாகச் சொன்னார். அந்தத் தயக்கம்தான் அவர்களை முழுக்க நம்ப வைத்தது. கடவுள் சிலருக்குக் கண்ணை எடுத்துக்கொண்டு நடிப்பைக் கொடுத்துவிடுகிறார்.

தலைமைக் கணிப்பாளர் மீது அவதூறு சொன்னதற்காகச் சகலைக்கு அந்த நிமிஷமே வேலை போயிற்று. வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குருவிக்கு ஆயுள் தடை. அவன் தொப்பியை மேஜை மேல் வைத்தான். வெளியே நடையில் பெரியப்பாவின் வழியை மறித்து நேருக்கு நேர் நின்றான். அவர் முகத்தையே பார்த்தான். நொடியாருக்கு அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குதான் தெரிந்தது. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது. பக்கமாக ஒதுங்கி நடந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என் தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னது நெஜமாங்க? கண்ணு…"

"டாக்டரே பாத்துட்டாரு. உனக்கு டாக்டரைவிடத் தெரியுமா?"

புருஷன் இவ்வளவு பெரிய பொய் சொல்லுவார் என்று நம்புவதைவிட, தங்கையின் புருஷன் பிள்ளைப் பாசத்தில் உளறிவிட்டார் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் வேறு எதை நம்புவாள், பாவம்.

தங்கை வீட்டைக் காலி செய்த நாளும் அடுத்த மைல் பந்தயமும் ஒன்றாக வந்தன. கறுப்பியின் மேல் வேறு ஒருவன். கூண்டில் சகலையின் இடத்தில் ஒரு புது ஆள், மரியாதை தெரிந்தவன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நொடியாரின் காலைத் தொட இப்போது யாரும் இல்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். படார் என்றது. அமுக்கினார்.

கறுப்பி மற்ற இரண்டு தடவை ஓடிய அதே ஓட்டம்தான் ஓடியது. நல்ல குதிரை அது, மனிதர்களைப்போல் ஆளுக்கு ஏற்றபடி மாறத் தெரியாது. இந்த முறை எதிரில் வலுவான குதிரை இல்லை, ஜெயித்துவிட்டது. நொடியார் கடிகாரத்தைக் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். ஒரு நிமிஷம் முப்பத்தைந்து. புது ஆளைப் பார்த்து, "உனக்கு எவ்வளவு?" என்றார்.

புது ஆள் தன் கடிகாரத்தைப் பார்த்தான். அதில் முப்பத்தேழு இருந்தது. நொடியாரைப் பார்த்தான். முந்தைய ஆளுக்கு என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கட்டைவிரலால் முள்ளை மறைத்துக்கொண்டு, "எனக்கும் அதேதான் சார்" என்றான்.

ஒலிபெருக்கியில் நேரம் போனதும் மைதானம் கொந்தளித்தது. ஜெயித்த சந்தோஷத்தைவிட வசவுதான் அதிகம். "பாத்தியாடா, யோக்கியன் ஏறினதும் கறுப்பி பறக்குது!" "அந்தக் குருவிப் பயலை அன்னைக்கே காலை ஒடிச்சிருக்கணும்!" செயலாளர் கூண்டுக்கு வந்து, "இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது" என்று நொடியாரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அடுத்த வீட்டு வாசலில் பாதி சாமான் ஏறிய வண்டி நின்றது. மனைவி டீ கொண்டுவரவில்லை. அடுப்படி வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஒலிபெருக்கி அங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. குருவி பெட்டியைக் கட்டிட்டிருந்தான். நேரத்தைச் சொன்னதும் கயித்தை விட்டுட்டு அப்படியே உக்காந்துட்டான். அவன் அப்பா ஏதோ சொல்ல வந்தாரு, 'பேசாதீங்கப்பா'ன்னுட்டான்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்கிட்ட கேக்குறான். 'பெரியம்மா, ஒருவேளை நான்தான் எனக்கே தெரியாம இழுத்துப் புடிச்சுட்டேனோ? பெரியப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க, அவர் சொன்னா நான் நம்புறேன்'னு. ராத்திரியெல்லாம் தூங்கலயாம். கைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கான். நான் என்னங்க சொல்லட்டும்?"

நொடியார் கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல் போதும். அதற்கு வேலை போகாது, வீடு போகாது, யாரும் எழுத்துப் பலகையோடு வரமாட்டார்கள்.

"இருக்கும்" என்றார். "சில பேருக்குக் கை தன்னால இறுகும். அவங்களுக்கே தெரியாது. அதை நெனச்சு இனிமே என்ன பண்றதுன்னு சொல்லு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைச் சொல்ல அடுத்த வீட்டுக்குப் போனாள்.